கரைமானம்

காசிமேட்டு ஐஸ் ஆலையில் கணக்கு என் கையில்.
நகைக்கடைக்குச் சேதாரம், மெஷினுக்குத் தேய்மானம்,
எங்களுக்குக் கரைமானம்:
அச்சிலிருந்து கழன்ற நொடி முதல்
படகின் ஐஸ் அறைக்குள் நொறுங்கி விழும்வரை
ஒரு பார் இழக்கும் எடை.
மார்கழியில் நூற்றுக்கு நாலு. ஆடியில் ஒன்பது.
தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில் பதிமூன்றுகூடப் போகும்.
அந்தக் கட்டத்தை நான் பென்சிலால்தான் நிரப்புவேன்.

நேற்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.
ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்.
இரவு பத்திலிருந்து காலை ஒன்பதுவரை
ஒரு படகும் கடலுக்குள் போகக் கூடாது.
சொன்னபோது மணி ஆறேகால்.
நூற்றெண்பது பார் ஏற்கெனவே வெளியே கிடந்தது,
கோணியைப் போர்த்திக்கொண்டு,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட குடும்பம் மாதிரி.
உள்ளே இடமில்லை. அடுத்த வார்ப்பு நிறைந்திருந்தது.

தேசப்பன் வந்தார். அதில் நாற்பது அவருடையது.
"போவக் கூடாதுன்னு நானா சொன்னேன்?
உருகுறது மட்டும் என் ஐஸா?"
முதலாளி போனை எடுக்கவில்லை.
அம்மோனியா நெடியில் கொஞ்சநேரம்
அவர் பாரையும் நான் நோட்டையும்
பார்த்தபடி நின்றோம்.

கம்ப்ரஸர் பார்க்கும் அமலோற்பவம்தான்
செல்போனில் படித்துச் சொன்னாள்:
அது மேலே போய்த் துருவத்துப் பனியை அளக்குமாம்.
கீழே ஒளியைப் பாய்ச்சி,
பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தை எண்ணி,
போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு இளைத்தது என்று
விரற்கடைக் கணக்கில் சொல்லுமாம்.

தேசப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"ஐஸு கரையுதான்னு பாக்க
ஐஸக் கரைய வுட்டுக்கினு இருக்கோமா?"

இரவு முழுக்க எனக்கு வேறு யோசனை.
தராசில் ஏற்றும்போதே சொட்டுகிறது பார்.
முள் அசைந்து நிற்பதற்குள் இன்னும் கொஞ்சம்.
நான் எழுதும் எடை எப்போதும்
ஏற்கெனவே இல்லாமல் போன எடை.
அவர்களுக்கும் அப்படித்தானா?
பனியின் ஒரு முனையில் தொடங்கி
மறுமுனைக்கு வருவதற்குள்?

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில்
ஆலையின் தகரக் கூரைமேல் ஒன்பது பேர்.
வடக்கே, எண்ணூர்ப் புகைபோக்கிகளுக்கு வலப்பக்கம்
ஒரு மஞ்சள் பொட்டு.
பொட்டு நீண்டு கோடாகி
கடல்பக்கம் சாய்ந்து
தென்துருவம் போகிற வழியில்
எங்களையும் தாண்டியது.
சத்தமே இல்லை.
"அவ்ளோதானா" என்றார் யாரோ.

எல்லோரும் இறங்கத் தொடங்கியபோது
காலடியில் தகரம் மெல்ல அதிர்ந்தது.
நாலு நிமிஷம் பிந்தி வந்த ஓசை.
கம்ப்ரஸர்தான் என்று நினைத்து அமலோற்பவம் ஓடினாள்.
கம்ப்ரஸர் நின்றுதான் இருந்தது.

கோணிகளுக்கு அடியிலிருந்து வாய்க்கால் ஓடி
ஜெட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது, இரவெல்லாம்.
நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்
நீர் ஏற்றத்திலும் அங்கே ஆறு படி தெரியும்.
இப்போது நாலரை.
கல் இறங்கியதா, கடல் ஏறியதா,
யாரைக் கேட்பதென்று தெரியாமல்
கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.
அதுவும் பென்சில்தான்.

ஒன்பதரைக்குத் தேசப்பன் ஏற்றினார்.
எண்ணிக்கையில் நாற்பது. எடையில் இருபத்தெட்டு.
ஒன்றும் பேசவில்லை, என்னை ஒருமுறை பார்த்ததோடு சரி.

கரைமானம் முப்பது என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் ராக்கெட் என்று எழுதினேன்.
முதலாளி ஒப்ப மாட்டார்.
அழித்துவிட்டு வெக்கை என்று போட்டேன்.
பொய்யில்லை.
ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து
பின்பக்கத்து எண்கள்
தலைகீழாகத் தெரிகின்றன.